பௌதிகம் படித்து என்ன செய்வது?



மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகின்ற திசையில் அமைந்த நிலத்தை எங்கள் முன்னோர் படுவான்கரை என்று வழங்கினர். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கீழ்த்திசை நிலம் எழுவான்கரை. தான்தோன்றீச்சரர் கோயில் கொண்டருளும் கொக்கட்டிச்சோலை படுவான்கரையிலே உள்ளது. வேளாண்மையும் மாடும் வாவி மீனுமே எங்கள் செல்வம். கச்சேரியும் பெரிய ஆசுப்பத்திரியும் பெயர்பெற்ற கல்லூரிகளும் மறுகரையில் உள்ளன. 2014ஆம் ஆண்டிலே மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரையில், நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையிலேறித்தான் அக்கரைக்குச் சென்றுவந்தோம். கடைசிப் பாதை போய்விட்டால் இராப்பொழுதைக் கரையிலே கழிக்கவேண்டியதுதான். இவ்வளவையும் நான் முதலிலே சொல்வதற்குக் காரணம் உண்டு. இக்கரையிலிருந்து பௌதிகம் கற்கப் போகும் ஒரு பிள்ளைக்கு, பௌதிகத்தின் முதற்பாடம் போக்குவரத்தாகவே இருந்துவந்தது.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில், எங்கள் பாடசாலையிற் பயின்று இப்பொழுது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு விஞ்ஞான மாணவியாக இருக்கும் ஒரு பிள்ளை, தன் தகப்பனாருடன் என் வீட்டுக்கு வந்தாள். தகப்பனார் கமக்காரர், மாரி முடிந்த பின்னர் வாவியிலே வலையும் வீசுபவர். மூன்று ஆண்டுகளுடன் பொதுப் பட்டம் பெற்று வெளியேறினால் ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். பிள்ளையோ நான்காம் ஆண்டிலும் இருந்து பௌதிகத்திலே சிறப்புப் பட்டம் பெறவேண்டும், அதிலே ஓர் ஆய்வு செய்யவேண்டும், அதன் பின்னரும் ஆராய்ச்சிக் கல்வியைத் தொடரவேண்டும் என்கிறாள். வீட்டிலே அவளுக்கு இளையவர் இருவர் உண்டு. தகப்பனார் கோபங்கொண்டு பேசவில்லை. வாசற்படியிலே அமர்ந்து, “பௌதிகம் படிச்சு என்ன சேர் செய்யிற?” என்று மெதுவாகக் கேட்டார்.

உடனே விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. நான் கலைப் பட்டதாரி. தமிழும் வரலாறும் கற்றவன். எனினும் நான் தயங்கியதற்குக் காரணம் அதுவன்று. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், இதே கேள்வியை வேறொரு தகப்பனார் என்னிடம் கேட்டிருந்தார். அந்தப் பையன் கணிதத்திலே சூரன். காற்றிலே வரும் ஓசையை வானொலிப் பெட்டி எப்படிப் பிடிக்கின்றது என்று கேட்டு என்னைத் திணற வைத்தவன். யுத்த காலம், அக்கரைக்குப் போய்வருவதிலே உயிரச்சம் இருந்தது, இக்கரையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் கற்பிப்போர் இல்லை. “கலைப்பிரிவு போதும், நானும் கலைப் பட்டதாரிதானே” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பையன் என் சொல்லைத் தட்டவில்லை. இன்று அவர் ஓர் அலுவலகத்திலே எழுதுவினைஞர், குறைவற்ற வாழ்வு. ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசை நிறையப் பழைய வானொலிப் பெட்டிகள் முதுகு திறந்தபடி கிடந்தன. இரவிலே உறக்கம் வராதபோது அவற்றைத் திருத்துவாராம். அவர் என்மீது ஒரு குறையும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே, இம்முறை இரண்டு நாள் தவணை கேட்டேன். பௌதிகத்தை என்னாற் படிக்க முடியாது. பௌதிகம் படித்தவரின் வரலாற்றைப் படிக்க முடியுமன்றோ?

சென்னை மாநிலக் கல்லூரியிலே, இருபத்திரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு மாணவர் இருந்தனர். இருவரும் ஒரே குடும்பத்தினர். மூத்தவர் சந்திரசேகர வெங்கடராமன். பின்னாளில் சர் சி. வி. இராமன் என்று உலகறிந்தவர். அவர் கல்லூரியிலே திருசியமானியைக் கொண்டு ஓர் அரியத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். எங்கள் நாட்டில் உயர்தரப் பிள்ளைகள் இன்றும் செய்யும் பரிசோதனைதான் அது. அளவெடுத்துப் புத்தகத்திலே எழுதிவிட்டு மணி அடித்ததும் வீட்டுக்குப் போவது மாணவர் வழக்கம். இராமனோ, கருவியினூடே தெரிந்த ஒளிப்பட்டைகள் இருபுறமும் ஒத்திராமல் ஏறுமாறாக இருப்பதைக் கண்டு, அதற்குக் காரணம் தேடினார். தேடியதை எழுதி இலண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். 1906ஆம் ஆண்டு நவம்பரில் அது அச்சாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

ஆனால், எங்கள் கமக்காரர் கேட்ட கேள்வி அங்கேயும் எழுந்தது. 1907ஆம் ஆண்டிலே இந்தியாவில் பௌதிக ஆராய்ச்சியை நம்பி ஒருவர் சோறுண்ண முடியாது. ஆகவே இராமன் அரசாங்க நிதித்துறைப் பரீட்சை எழுதிக் கல்கத்தாவிலே கணக்கதிகாரியாக அமர்ந்தார். காலையிலும் மாலையிலும் அங்குள்ள விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடத்துக்கும், நடுவே அலுவலகத்துக்குமாகத் திரிந்தார். 1917இலே சம்பளம் குறைந்த பேராசிரியர் பதவிக்கு மாறினார். 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் கண்டறியப்பட்ட இராமன் விளைவுக்காக 1930இலே நோபெல் பரிசு பெற்றார். இது பலரும் அறிந்த கதை. நான் தகப்பனாருக்குச் சொல்ல விரும்பியது இரண்டாமவருடைய கதையையே.

அவர் இராமனின் தமையனார் சுப்பிரமணிய ஐயரின் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910இலே லாகூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, 1925இலே மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். தகப்பனார் இரயில்வேக் கணக்குத் துறையில் உயரதிகாரி. மகன் சிவில் சேவைப் பரீட்சை எழுதவேண்டும் என்பது அவர் விருப்பம். மகனுக்கோ இராமானுஜனைப் போலக் கணிதத்திலே நாட்டம். முடிவிலே இருவருக்கும் நடுவழியாகப் பௌதிகம் அமைந்தது. ஆயினும் பையன் கணித வகுப்புகளிற் போய் அமர்ந்துகொள்வாராம். தாயார் சீதாலட்சுமி அம்மையார், இப்சனுடைய நாடகம் ஒன்றைத் தமிழாக்கிய கல்விமாது. மகன் தன் மனம்போனதையே படிக்கவேண்டும் என்று உறுதியாக நின்றார். எங்கள் ஊரிலும் இத்தகைய வழக்குகளில் தாய்மாரே பிள்ளைகளுக்கு அப்புக்காத்துக்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

1928ஆம் ஆண்டு விடுமுறையிலே சந்திரசேகர் சிற்றப்பாவின் கல்கத்தா ஆய்வுகூடத்துக்குச் சென்றார. இராமன் விளைவு கண்டறியப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன; கூடம் முழுவதும் ஆரவாரம். ஆனால் பையனுக்குச் செய்முறைப் பரிசோதனை கைவரவில்லை. நேயர்களே, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னாளில் உலகின் தலைசிறந்த பௌதிகவியலாளருள் ஒருவராகப் போற்றப்பட்டவர், மாணவப் பருவத்தில், தம் சொந்தச் சிற்றப்பாவின் ஆய்வுகூடத்திலேயே, இது எனக்கு ஆகாது என்று அறிந்துகொண்டார். அதுவும் ஆராய்ச்சி அனுபவந்தான். எழுதுகோலும் தாளும் போதும் என்ற வழியை அவர் தெரிந்துகொண்டது அதன் பின்னரே.

அவ்வாண்டின் பிற்பகுதியிலே ஜெர்மனியப் பேராசிரியர் சொம்மர்பெல்ட் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியிலே சொற்பொழிவாற்றினார். அணுவின் அமைப்பைப்பற்றி அவர் எழுதிய பெருநூலைச் சந்திரசேகர் முன்னரே கற்றிருந்தார். மறுநாள் அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று, தாம் அந்நூலைப் படித்ததாகப் பெருமிதத்துடன் சொன்னார். பேராசிரியரோ, அந்நூல் எழுதப்பட்ட பின்னர் பௌதிகமே மாறிவிட்டது என்று சொல்லிவிட்டார். புதிய அலைப் பொறிமுறை வந்துவிட்டது. இலத்திரன்களை எண்ணும் முறையும் புதிதாகிவிட்டது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது எத்தகைய அடியாக இருந்திருக்கும்! ஆனால் பேராசிரியர் அத்துடன் நிறுத்தாமல், உலோகங்களில் உள்ள இலத்திரன்களைப்பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப்படிகளைப் பையனின் கையிலே கொடுத்தார். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இந்தச் செய்கையை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்தப் புதிய எண்ணும் முறை யாது? எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுத்தருள்க. கோயில் அன்னதானப் பந்தியிலே ஓர் இலைக்கு ஒருவரே அமரலாம். முன்வரிசை நிறைந்தால், அடுத்து வருபவர் அடுத்த வரிசைக்குப் போகவேண்டும். இலத்திரன்களும் அப்படித்தான், ஒரே நிலையில் இரண்டு இருக்கமாட்டா. கூட்டம் நெருங்க நெருங்க, பின்வருபவை மேலும் மேலும் அதிக வேகமுள்ள வரிசைகளுக்குத் தள்ளப்படும். சந்திரசேகர் இதனை எடுத்துக்கொண்டு, எக்ஸ் கதிர்கள் இலத்திரன்களில் மோதிச் சிதறும் கொம்ரன் விளைவுக்குப் பொருத்திக் கணக்கிட்டார். கல்லூரி நூலகத்திலே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பௌலர் இதே எண்ணும் முறையை விண்மீன்களுக்குப் பயன்படுத்தியிருந்த கட்டுரையைக் கண்டு, அவருக்கே தம் கட்டுரையை 1929ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தபாலில் அனுப்பினார். முன்பின் அறியாத ஒரு மாணவனின் கட்டுரை! பௌலர் அதைப் படித்தார்; சில திருத்தங்கள் சொன்னார்; அவ்வாண்டிலேயே அது றோயல் சங்கத்தின் நடவடிக்கை ஏட்டிலே வெளிவந்தது.

1930ஆம் ஆண்டு யூலைத் திங்கள் இறுதியிலே, அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று, பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்பொழுது தாயார் கடும் நோயுற்றிருந்தார். மகன் தயங்கினார். போகத்தான் வேண்டும் என்று அனுப்பிவைத்தவர் அந்த அம்மையாரே. மறு ஆண்டு அவர் காலமானார். மகன் தாயை மீண்டும் காணவில்லை. கல்விக்குக் கொடுக்கும் விலை பணம் மட்டுமன்று என்பதை, பிள்ளையை வெளியூர் அனுப்பும் பெற்றோர் எல்லோரும் அறிவர்.

கப்பலிலே அவர் செய்தது என்ன? எரிந்து ஓய்ந்த விண்மீன் தன் பாரத்தாலே தானே நசுங்காமல் நிற்பதற்கு, நெருக்குண்ட இலத்திரன்களின் உந்துதலே காரணம் என்று பௌலர் காட்டியிருந்தார். அந்த இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமானால், ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கையையும் கணக்கிற் சேர்க்கவேண்டுமே என்று இவருக்குத் தோன்றிற்று. சேர்த்துப் பார்த்தார். குறித்த ஓர் அளவுக்கு மேற்பட்ட திணிவுள்ள விண்மீன் அவ்வாறு ஓய்ந்து நிற்க முடியாது என்ற விடை வந்தது. சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று இன்று வழங்கும் சந்திரசேகர் எல்லைக்கு வித்து அதுவே. அப்பொழுது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. 1935ஆம் ஆண்டு யனவரியில் இலண்டனிலே புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் இம்முடிவைச் சபை நடுவே எள்ளி நகையாடினார். மாணவப் பருவத்தில் கட்டுரைப் போட்டியிலே வென்றபோது சந்திரசேகர் பரிசாகக் கேட்டுப் பெற்றது அதே எடிங்டன் எழுதிய நூலை என்பதை எண்ணும்போது மனம் கசக்கின்றது. நோபெல் பரிசு 1983இலேதான் வந்தது.

இக்கதையை நான் சொல்லி முடித்தபோது தகப்பனார் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அவர் பெரிய உத்தியோகத்தர்ர மகன், சேர்” என்றார். நியாயமான பேச்சு. சிற்றப்பாவுக்கு ஆய்வுகூடம் இருந்தது. தாயார் ஆங்கிலம் கற்றவர். எங்கள் பிள்ளைக்கு என்ன இருக்கின்றது?

அதற்குப் பதில் சொன்னவள் பிள்ளைதான். “அப்பா, தோணி இருக்குத்தானே?” என்றாள்.

மட்டக்களப்பு வாவியிலே நிலாக்காலங்களில் நீருக்குள்ளிருந்து எழும் இன்னொலியை நேயர்கள் அறிவீர்கள். பாடுமீன் என்று எங்கள் நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. எமர்சன் தெனன்ற் என்ற ஆங்கிலேய அதிகாரி 1848இலே இங்கு வந்து இரவிலே தோணியிற் சென்று அதைக் கேட்டு, 1859இலே வெளியிட்ட தம் நூலில் எழுதியிருக்கிறார். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி மிகுந்து கேட்டதாம். மீன் அன்று, ஊரிதான் ஒலிக்கின்றது என்று அக்கால மீனவர் அவருக்குச் சொல்லியிருக்கின்றனர். காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். பழந்தமிழரின் யாழ் நரம்புகளைக் கணித முறையில் ஆராய்ந்து 1947இலே யாழ்நூலை வெளியிட்டார். அத்தகைய மண்ணிலே, இந்த ஒலியின் வழியை அளந்து பார்க்கவேண்டும் என்பது இப்பிள்ளையின் ஆசை. நான்காம் ஆண்டு ஆய்வுக்கு அதையே எடுக்க விரும்புகிறாள்.

வைகாசிப் பூரணைக்கு அடுத்த இரவு நாங்கள் மூவரும் வாவியில் இறங்கினோம். தகப்பனார் தண்டு வலித்தார். பிள்ளை ஒரு சிறிய ஒலிவாங்கியை இறப்பர்ப் பலூனுக்குள் இட்டு நீர் புகாதபடி கட்டி, கல்லொன்றைப் பாரமாகத் தொங்கவிட்டு, கம்பியைக் கைத்தொலைபேசியிலே பொருத்தியிருந்தாள். முந்திய இரண்டு இரவுகளிலே நீர் புகுந்து இரண்டு ஒலிவாங்கிகள் கெட்டுப்போயினவாம். அரைமணிக்கு ஒருமுறை நீரின் வெப்பநிலையைக் குறித்தாள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு போத்தல் நீர் எடுத்தாள். ஆய்வுகூடத்திலே அதை வற்றவைத்து எஞ்சும் உப்பை நிறுப்பாளாம். உப்புக்கும் ஒலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். 25 பாகை வெப்பநிலையில் தூய நீரிலே ஒலி செக்கனுக்கு 1,497 மீற்றர் செல்லும். கடல்நீரிலே ஏறத்தாழ 1,534 மீற்றர். எங்கள் வாவியோ முகத்துவாரம் வெட்டுப்படும்போது ஒருவிதமாகவும் மாரி வெள்ளத்தில் வேறுவிதமாகவும் மாறிக்கொண்டேயிருப்பது. நீருக்குள் எழும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேலே காற்றுக்கு வரும். மற்றது மேற்பரப்பிலே பட்டு மீண்டுவிடும் என்றும் சொன்னாள். தெனன்ற் துரை மரத்திலே காதை வைத்த காரணம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. நானும் தண்டை நீரில் இறக்கி அதன் பிடியிலே காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். தோணியின் பக்கத்தை நீர் நக்கும் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பாடுமீனுக்குப் பேர்போன கல்லடிப் பாலம் எங்கள் கரைக்கு வெகுதொலைவு. அங்கே போகாமல் இங்கே ஏன் என்று கேட்டேன். “கேட்காத இடத்தில கேட்கேல்ல எண்டதையும் எழுதித்தானே ஆகவேணும், சேர்” என்றாள். கைவிளக்கின் வெளிச்சத்திலே அவள் கொப்பியை எட்டிப் பார்த்தேன். நேரம், ஆழம், வெப்பநிலை. அதற்கெதிரே, ஒலி எதுவும் பதிவாகவில்லை. அதே வசனம் ஒரு பக்கத்திலே ஒன்பது முறை எழுதப்பட்டிருந்தது. அழகான கையெழுத்து.

பத்தரை மணியளவில் தகப்பனார் தண்டை நிறுத்தினார். மாரியிலே தண்ணீர் கலங்கி, முகத்துவாரமும் திறந்துவிட்டால், தம் வாழ்நாளில் ஒருபொழுதும் அந்தச் சத்தம் கேட்டதில்லை என்றும், சித்திரைக்குப் பின் தண்ணீர் தெளிந்து வற்றும் காலத்திலேதான், அதுவும் கல்லடிப் பக்கம் வலைக்குப் போனபோதே, தாம் கேட்டதுண்டு என்றும் சொன்னார். பிள்ளை விளக்கைத் திருப்பிக் கொப்பியிலே எழுதத் தொடங்கினாள். எந்த மாதம், எத்தனை நாள், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே எழுதினாள். அவரும் ஆறுதலாக நினைவுபடுத்திச் சொன்னார்.

கரையேறும்போது, அடுத்த பூரணைக்கும் தோணி வேண்டுமா என்று மகளிடம் விசாரித்தார். சிறப்புக் கற்கைக்குரிய விண்ணப்பம் மறுவாரம் அனுப்பப்பட்டது. இளைய பிள்ளைகளின் செலவுக்கு என்ன செய்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. அதைப்பற்றிப் பேசுவதற்காக வருகின்ற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்கு நான் போகவேண்டியிருக்கின்றது. வானொலி திருத்தும் என் பழைய மாணவரையும் உடன் வரும்படி கேட்டிருக்கிறேன். நீர் புகாத ஒலிவாங்கி ஒன்று அவருக்குச் செய்யத் தெரியுமாம்.